கோடை வெயிலில் முயல் கூண்டை வெளியே வைக்கலாமா?

சித்திரை வெயிலில் முயல் கூண்டை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் மொட்டை மாடியிலோ தகரக் கூரையின் கீழோ கூடவே கூடாது. முயல் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாத பிராணி. உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் இரத்த நாளங்கள் வழியாகவே வெளியேற்றுவதால், வெப்பம் 30 டிகிரி செல்சியஸைக் கடந்தாலே தவிக்கத் தொடங்கும். கொடைக்கானல் மலையின் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லா போன்ற அடர்மயிர் இனங்களைச் சமவெளியில் வளர்ப்போர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

கூண்டை மர நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, மேலே தென்னங்கீற்று வேய்ந்து வையுங்கள். காலையில் விழும் நிழல் பிற்பகலில் நகர்ந்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காற்று வரும் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது மதுரை போன்ற வறண்ட ஊர்களில் நன்கு உதவும். புழுக்கம் மிகுந்த சென்னையில் அதனால் பெரிய பயன் இராது. அங்கே, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால், முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சுவாங்கினாலோ, எச்சில் வடிந்து துவண்டு கிடந்தாலோ, காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைத்தபடி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பதற்றத்தில் பனிக்கட்டி நீரில் முக்கிவிட்டால் அந்த அதிர்ச்சியே உயிரைப் பறிக்கக்கூடும்.