முழுகாத நாளின் கணக்கு

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். பெயரை வெளியிட வேண்டாம். என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறார். அம்மன் கோவில் கொடைக்காக மே 3 அன்று வந்தார், ஜூன் 2 அன்று திரும்பினார். அதற்குள் தங்கைக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஜூன் 10 அன்று ஸ்கேன் எடுத்தோம். காகிதத்தில் ‘7 வாரம் 2 நாள்’ என்று இருக்கிறது. அவளுடைய மாமியார் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, “என் மகன் வந்து ஐந்தரை வாரம்தானே ஆகிறது, மீதி எங்கிருந்து வந்தது?” என்று கேட்டுவிட்டார். பேச்சு பீடிக் கடை வரை போய்விட்டது. மாப்பிள்ளையும் போனில் “டாக்டரிடம் இன்னொரு தடவை கேள்” என்கிறார். தங்கை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. “இரண்டு மாதத்தில் வெறும் ரத்தக்கட்டிதானே, கலைத்துவிட்டால் சண்டை முடிந்துவிடும்” என்று எங்கள் சித்தி சொல்கிறார். தங்கைக்குக் கடைசியாகத் தூரம் வந்தது ஏப்ரல் 20. நீங்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவர் என்பதால் கேட்கிறேன். இந்தக் கணக்கு எப்படி வருகிறது?

ப.

அன்புள்ள ப.,

முதலில் உங்கள் தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வாய் சோறு சாப்பிடச் சொல்லுங்கள். அவள் கணக்கில் பிசகு எதுவும் இல்லை. எந்தக் காகிதத்தைக் காட்டி அவளைச் சந்தேகப்படுகிறார்களோ அதே காகிதம் அவள் பக்கம் சாட்சி சொல்கிறது. அதைப் படிக்கும் முறை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாதது குற்றமில்லை. தெரியாமல் பேசிய பேச்சைப் பீடிக் கடை வரை கொண்டுபோனதுதான் எனக்கு ஆறவில்லை.

கர்ப்பத்தின் வாரங்களை மருத்துவர்கள் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாகத் தூரம் வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாகும் நாள் யாருக்கும் தெரியாது, சுமக்கிறவளுக்கே தெரியாது. தூரம் வந்த நாள் அவளுக்கு நினைவிருக்கும். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குச் சினைமுட்டை வெளிப்படுவது ஏறக்குறைய பதினான்காம் நாளில். ஆகவே மருத்துவக் கணக்கின் முதல் இரண்டு வாரங்களில் வயிற்றில் கருவே கிடையாது. ஏப்ரல் 20-இலிருந்து ஜூன் 10 வரை எண்ணுங்கள்: 51 நாள், அதாவது 7 வாரம் 2 நாள். காகிதத்தில் இருப்பது அதுதான். அதில் இரண்டு வாரத்தைக் கழித்தால் 37 நாள். மாப்பிள்ளை ஊருக்கு வந்து 38 நாள். இதற்கு மேல் ஒரு கணக்கு எப்படிப் பொருந்த வேண்டும்?

“அவள் சொன்ன தேதியை வைத்து எழுதியிருப்பார்கள், மெஷின் சொல்வதுதான் நிஜம்” என்று யாராவது அடுத்துக் கிளம்புவார்கள். அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குத் தேதி தெரியாது. திரையில் தெரியும் கருவைத் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளக்கிறார்கள். அந்த மில்லிமீட்டருக்கு எத்தனை வாரம் என்று ஓர் அட்டவணை சொல்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஹியூ ராபின்சன் என்ற மருத்துவர் 1973-இல் இந்த அளவு முறையைக் கொண்டுவந்தார். தூரம் வந்த தேதியைச் சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்த பெண்களை வைத்துத்தான் அட்டவணை தயாரானது. எனவே அந்த இரண்டு வாரம் அட்டவணைக்குள்ளேயே கலந்திருக்கிறது. உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அளந்திருந்தாலும் ஏழு வாரம் என்றுதான் வந்திருக்கும்.

இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதா என்று அவள் மாமியாரிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. மருமகள் உண்டாகியிருப்பதை அவர் அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்லியிருப்பார்? ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றுதானே. தூரம் நின்று தலைமுழுக வேண்டிய நாளில் முழுகவில்லை என்பது அந்தச் சொல்லின் பொருள். அதாவது, கணக்கின் தொடக்கம் அதற்கு முன்னால் முழுகியது. எங்கள் ஆச்சி ஒரு பெண்ணுக்கு மாதம் சொல்வதற்கு முன்பு “கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாய்?” என்றுதான் கேட்பாள். புருஷன் எப்போது வந்தான் என்று அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. பத்து மாதம் சுமப்பதாகச் சொல்வதும் இந்தக் கணக்குதான்: 28 நாள் கொண்ட மாதம் பத்து, 280 நாள். நேகெலே என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இன்றும் ஒரு வாய்பாடு வழங்குகிறது. தூரம் வந்த முதல் நாளோடு ஏழு நாளையும் ஒன்பது மாதத்தையும் கூட்டச் சொல்கிறது. ஏப்ரல் 20-க்கு ஜனவரி 27 வரும். சித்திரையிலிருந்து விரல் மடக்கி எண்ணச் சொல்லுங்கள், தை பத்தாவது விரல்.

இனி, உங்கள் சித்தி சொன்ன ரத்தக்கட்டி. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் வீட்டு நாட்களையே வைத்துச் சொல்கிறேன், ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம்.

மே 4 வாக்கில் கருக்குழாயில் முட்டையும் விந்தணுவும் சேர்ந்திருக்கும். அந்த முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அது இரண்டாகவும் நான்காகவும் பிரிந்துகொண்டே குழாய் வழியாக இறங்குகிறது. மே 8 வாக்கில் ஒரு முசுக்கட்டைப் பழம் போலத் திரண்ட செல் உருண்டையாகக் கருப்பைக்கு வந்து சேர்கிறது. மே 10, 11-இல் கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்கி, நான்கைந்து நாளில் அதற்குள் முழுதும் புதைந்துவிடுகிறது. வீட்டில் கொடைக்கு வந்த விருந்தாளிகள் கிளம்பியிருப்பார்கள், அவளுக்கோ எந்த அடையாளமும் தெரிந்திருக்காது. மே 18-இல் வர வேண்டிய தூரம் வரவில்லை.

அதற்கடுத்த வாரத்தை என் மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் மாறிவிடும். தட்டையான ஒரு தகடாகக் கிடந்த செல்கள் மூன்று அடுக்குகளாகின்றன. மேலடுக்கிலிருந்து தோலும் மூளையும் நரம்பும், நடு அடுக்கிலிருந்து எலும்பும் தசையும் இதயமும் ரத்தமும், கீழடுக்கிலிருந்து குடலின் உள்வரியும் நுரையீரலும் ஈரலும் உருவாகும். மேலடுக்கு நடுவில் குழிந்து, இரு கரையும் எழும்பி ஒன்றையொன்று தொட்டு ஒரு குழாயாகிறது. அதுதான் பிற்பாடு மூளையும் தண்டுவடமும். மே 26 வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். அப்போது அது ஒரு வளைந்த குழாய், அவ்வளவுதான், அறைகள்கூடப் பிரிந்திருக்காது. ஜூன் 1 வாக்கில் நரம்புக் குழாயின் இரு முனைகளும் மூடிவிடும். மறுநாள் மாப்பிள்ளை விமானம் ஏறியிருக்கிறார்.

ஸ்கேன் எடுத்த அன்று கருவின் நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்திருக்கும். திரையில் இதயத் துடிப்பைக் காட்டியிருப்பார்கள். கை துடுப்பு மாதிரி இருக்கும், அதில் விரல் வரப்போகும் இடங்கள் கோடு கோடாகத் தெரியத் தொடங்கும். பின்னால் விரல்களுக்கு இடையில் இருக்கும் செல்கள் தாமே மடிந்து விலகி விரல்களைப் பிரித்துவிடும். சிறிய வால் ஒன்றும் அப்போது உண்டு, ஜூன் முடிவதற்குள் மறைந்துவிடும். கரு உண்டான நாளிலிருந்து எட்டு வாரம் முடியும்போது எல்லா முக்கிய உறுப்புகளுக்கும் அடித்தளம் போட்டாகிவிடும், நீளம் மூன்று சென்டிமீட்டர். அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் வளர்ச்சியும் முதிர்ச்சியும்தான். முதல் பிள்ளை என்பதால் அசைவு அவளுக்குத் தெரிய ஆவணி ஆகும்.

ஆகவே அது ரத்தக்கட்டி இல்லை. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் உங்கள் தங்கை. அவள் அந்தப் பிள்ளையை விரும்பியிருக்கும்போது, அடுத்தவர் கழித்தல் கணக்கில் செய்த தவறுக்காக அதைக் கலைக்கச் சொல்வது கொடுமை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். யாராவது மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிவந்து நீட்டினால் கையில் வாங்காதீர்கள். மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் அப்படிச் செய்தால் உதிரப்போக்கில் உயிரே போகலாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நாள் இங்கே பொருந்திவிட்டது என்பதற்காக ஸ்கேன் தேதியைக் கோர்ட்டுத் தீர்ப்பாக யாரும் நினைக்கக் கூடாது. இந்த ஆரம்ப வாரங்களிலேயே ஐந்து முதல் ஏழு நாள் வரை முன்பின் வரும். கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். சிலருக்குச் சினைமுட்டை பன்னிரண்டாம் நாளில் வெளிப்படும், சிலருக்கு இருபதாம் நாளில். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறை 1914-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கருக்களைச் சேர்த்து ஆராய்ந்த அவர்களே, நாளை வைத்து வரிசைப்படுத்த முடியாது என்று கண்டு, உருவத்தை வைத்து முதல் எட்டு வாரத்தை 23 நிலைகளாகப் பிரித்தார்கள். அறிவியலே நாளைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நாளை வேறொரு வீட்டில் காகிதம் இவ்வளவு அழகாகப் பொருந்தாமல் போகலாம். அந்தப் பெண்ணையும் இதே திண்ணையில் நிறுத்தி விசாரிக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை சில. கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். அவளும் பீடி சுற்றுகிறவள் என்றால் பிரசவம் வரை தட்டைத் தொட வேண்டாம். புகையிலைத் தூளின் நிக்கோடின் தாயின் ரத்தத்தில் சேர்ந்தால் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்கும் போகும். கூலி குறையும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பாரத்தை இரண்டு வீடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த ஸ்கேன் ஜூலை 6-க்கும் 26-க்கும் இடையில் வரும். அதற்கு மாமியாரையும் அழைத்துப்போங்கள். செவிலியரை விட்டே அவருக்கு வாரக் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் சண்டையாகத்தான் கேட்கும். கையும் காலும் அசைவதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

இந்தப் பதிலை மாப்பிள்ளைக்கு அனுப்புங்கள். படித்ததும் முதல் போன் உங்கள் தங்கைக்கு வர வேண்டும். அம்மாவிடம் அவர் அதற்குப் பிறகு பேசட்டும்.