கேளுங்கள், பேசுவோம்: பகிடிப் படங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்: வடிவேலுவின் பழைய காட்சிகளை எத்தனை தரம் பார்த்தாலும் வயிறு நோகச் சிரிக்கிறோம். அவரே கதாநாயகனாக வரும் படத்தைப் பிள்ளைகளோடு இருந்து பார்த்தால் இடைவேளைக்குப் பிறகு கொட்டாவி வருகிறது. அதே ஆள், அதே முகம்தானே, என்ன குறை?

ஆளில் குறையே இல்லை. 'வின்னர்' (2003) கைப்புள்ளையை எடுங்கள். காதல், சண்டை எல்லாவற்றையும் பிரசாந்த் சுமக்கிறார். வடிவேலு இடையில் வருகிறார், சவடால் விடுகிறார், அடி வாங்குகிறார், பிறகு நொண்டி நொண்டி வந்து சங்கத்துப் பொடியன்மாருக்கு முன்னால் ஒன்றுமே நடக்காத மாதிரி நெஞ்சை நிமிர்த்துகிறார். நாம் சிரிப்பது அடிக்கு இல்லை, அதை மறைக்க அவர் படுகிற பாட்டுக்கு. இன்னும் கொஞ்சம் வரமாட்டாரா என்று நினைக்கும்போதே காட்சி முடிந்துவிடும். 'ப்ரண்ட்ஸ்' (2001) நேசமணியும் அப்படித்தான். தலையில் சுத்தியலைப் போட ஒரு ரமேஷ் கண்ணா வேண்டும், வேலையைக் கெடுக்க விஜய், சூர்யா வேண்டும். அந்தச் சுத்தியலை வைத்துத்தானே 2019இல் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி இணையமே அமளிப்பட்டது!

அவரே நட்சத்திரமானதும் எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். காதலும் அவருக்கு, சண்டையும் அவருக்கு, கடைசி வெற்றியும் அவருக்கு. தோற்கக் கூடாத ஆளை வைத்து அடிதடிப் பகிடி எப்படிச் செய்வது? 'எலி' (2015), 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' (2022) இரண்டும் எடுபடாமல் போனதற்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) தப்பியது எப்படி என்று பாருங்கள்: கோழை மன்னனாக விழுந்து எழும்ப ஒரு வடிவேலு, கதையைக் கொண்டுபோகப் புரட்சிக்காரத் தம்பியாக இன்னொரு வடிவேலு, சதி செய்ய நாசர். 'மாமன்னன்' (2023) பார்த்தவர்களுக்குத் தெரியும், பகிடியே இல்லாமலும் ஒரு படத்தைத் தாங்குகிற நடிகர் அவர். எங்கட வட்டக்களரியிலும் விடிய விடியக் கூத்து நடந்தாலும் சிரிப்புக்கு வருகிறவர் இடையில் வந்து போகிறவர்தான், அவரை வைத்தே விடியவைக்கக் கூத்துப் பழக்குகிற எந்த அண்ணாவியாரும் நினைப்பதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய்: படத்தில் கேட்ட வசனத்தைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் என் மகளின் நிறத்தைக் கேலி செய்கிறார்கள். 'பகிடிதானே, விடு' என்கிறார் கணவர். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

இல்லை தங்கச்சி, நீங்கள் சொல்வதுதான் சரி. இந்தப் படங்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பக்கம் அது. நிறம், உடம்பு, வழுக்கை, திக்குவாய் என்று தமிழ்ப் படங்கள் காலங்காலமாகச் சுலபமான சிரிப்பு தேடியிருக்கின்றன. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் அது தேவைப்படவில்லை. இரண்டு பழம் வாங்கச் சொன்னால் ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றது எங்கே என்று கேட்டால் மிச்சப் பழத்தைக் காட்டி அதுதான் இது என்று செந்தில் கொஞ்சமும் அசையாமல் நிற்கிறார், கவுண்டமணிக்கு விசர் பிடிக்கிறது. அங்கே சிரிப்பு அந்தக் குறுக்குப் புத்தியில் இருக்கிறது. சவடால் விட்டவன் விழுந்தால் சிரிக்கலாம், பிறந்த நிறத்துக்காக ஒரு பிள்ளை ஏன் கூனிக் குறுக வேண்டும்? வகுப்பாசிரியரிடம் கட்டாயம் பேசுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கல்லடியிலிருந்து ஒரு வாசகர்: பிள்ளைகளோடு பார்க்க ஒரு பழைய பகிடிப் படம் சொல்லுங்கள்.

'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பாலையாவின் முகத்தையே பாருங்கள், பாதிச் சிரிப்பு அவருடையது.