டென்வருக்குப் புதிதாகப் போயிருக்கும் தம்பிக்கு: டின் பீச்சில் ஒரு காப்ளர்

அன்புள்ள தம்பிக்கு,

குன்னூரிலிருந்து டென்வருக்குப் போய் இரண்டு மாதமே ஆன நிலையில், அடுத்த வாரம் அலுவலகத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து இருப்பதாகவும், உங்கள் பெயருக்கு நேரே இனிப்பு என்று குறித்துவிட்டதாகவும், கார் வாங்காததால் மார்ச் மாதப் பனியில் கடைகடையாக அலைய முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அலமாரியில் இருப்பவை இரண்டு பெரிய டின் பீச் பழம், மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், வெண்ணெய், பால், எலுமிச்சை, ஊரிலிருந்து கொண்டுபோன ஏலக்காய், வர்க்கி எனும் ஊட்டி அடுக்கு பிஸ்கட் ஆகியவைதாம் என்றும், டின்னைத் திறந்து செய்த ஒன்றை நாலு பேர் நடுவே வைத்தால் மதிப்புக் குறைவாக நினைப்பார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். டென்வர்ப் பக்கம் குடியேறி நெடுங்காலமாகிவிட்ட நான், இப்போது விடுமுறைக்குக் கோத்தகிரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்தே பதில் எழுதுகிறேன்.

அப்படி யாரும் நினைக்கமாட்டார்கள். கையில் இருப்பதை வைத்துப் பீச் காப்ளர் செய்யுங்கள். அடியில் பழமும் சாறும், மேலே பொன்னிறமாக வெந்த மாவும் சேர்ந்த எளிய பண்டம் அது. அமெரிக்காவில் வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள், தங்கள் ஊரில் செய்துவந்த பை, புட்டிங் போன்றவற்றுக்கு வேண்டிய பொருளும் அடுப்பும் வாய்க்காத இடத்தில், கிடைத்த பழத்தை இரும்புச் சட்டியில் போட்டு, அதன்மேல் மாவைக் கிள்ளி வைத்து, சட்டிக்கு அடியிலும் மூடியின்மேலும் தணல் இட்டு வேகவைத்ததிலிருந்து வளர்ந்தது இது. ஆகவே இல்லாமையைச் சமாளிப்பது இந்தப் பண்டத்தின் பிறவிக் குணம். மாவு, கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து பெட்டியில் அடைத்த பிஸ்க்விக் 1931-லேயே அங்கே கடைக்கு வந்துவிட்டது. அதை வைத்துக் காப்ளர் செய்த பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று உங்களுடன் வேலை செய்கிறவர்கள். டெக்சாஸ் மாநிலம் 2013-இல் பீச் காப்ளரைத் தன் அதிகாரபூர்வக் காப்ளராகவே அறிவித்திருக்கிறது. டின் பழத்தில் செய்ததா, மரத்துப் பழத்தில் செய்ததா என்று அங்கே எவரும் விசாரிப்பதில்லை. நன்றாக வெந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பார்கள்.

நன்றாக வேகவைப்பதில் உங்களுக்கு உள்ள ஒரே தடை, நீங்கள் இருக்கும் உயரம். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நியூஜெர்சியிலோ ஹூஸ்டனிலோ இருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்முறையில் இது இருக்காது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், கோத்தகிரியும் கிட்டத்தட்ட அதே அளவு. மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதற்கு என்ன காரணமோ அதே காரணம் அங்கும் உண்டு: காற்றழுத்தம் குறைவு, அதனால் டென்வரில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மாவுப் பண்டத்தில் இது இரண்டு விதமாகத் தொல்லை தரும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலையேறி வருவதற்குள் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பேக்கிங் பவுடர் கிளப்பும் வாயுவும் அதே போல அளவுக்கு மீறி விரிந்து, மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே அதைப் பொங்கவைத்து, பிறகு நடுவில் குழியவிட்டுவிடும். இன்னொன்று, ஈரம் வேகமாக ஆவியாகிப் போவதால் சர்க்கரையின் செறிவு கூடி, மேல்பகுதி சீராக இறுகாமல் பிசுபிசுக்கும். ஆகவே அந்த உயரத்தில் பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், சர்க்கரையைக் குறைக்க வேண்டும், பாலைச் சற்றுக் கூட்ட வேண்டும், ஓவன் அடுப்பின் சூட்டையும் ஒரு படி ஏற்ற வேண்டும். பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்து விற்கும் செல்ஃப் ரைசிங் மாவை நான் டென்வரில் வாங்குவதே இல்லை. அதிலிருந்து எதையும் குறைக்க வழி இல்லையே. உங்களிடம் சாதாரண மைதா இருப்பது நல்லதாயிற்று. அங்கே அது ஆல் பர்பஸ் மாவு என்ற பெயரில் கிடைக்கும்.

இனிச் செய்முறை. ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குலத் தட்டு ஒன்று வேண்டும். பாத்திரம் வாங்க மனமில்லையென்றால், மளிகைக் கடையிலேயே கிடைக்கும் அலுமினியத் தட்டு போதும். கழுவித் திரும்பக் கொண்டுவரும் வேலையும் இராது. ஆனால் அது தூக்கும்போது வளைந்துவிடும் என்பதால், அடியில் ஒரு தட்டையான பேக்கிங் தகட்டை வைத்தே அடுப்பில் ஏற்றவும் இறக்கவும் வேண்டும். அடுப்பை 375 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 190 டிகிரி செல்சியஸுக்கு வைத்து, நன்றாகச் சூடேறும்வரை விடுங்கள். அதற்கு முன் அடுப்பின் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகளில் அது பெரும்பாலும் வாணலியும் தோசைக்கல்லும் அடுக்கும் அலமாரியாகவே இருக்கும். பிராய்ல் என்று எழுதியிருக்கும் பக்கம் திருப்பிவிட வேண்டாம்; அது மேலிருந்து மட்டும் கடும் சூடு தருவது, மாவைக் கருக்கிவிடும்.

822 கிராம் டின் இரண்டையும் திறந்து, பழத்தை வடித்தெடுத்து, சாற்றில் அரை கப் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். கெட்டிப் பாகில் போட்ட பழமானால் அந்தச் சாறே மிகவும் தித்திக்கும், கூடுதல் சர்க்கரை பழத்துக்குத் தேவையில்லை. பழச்சாற்றில் போட்டதானால் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்க்கலாம். இனி வாங்கும்போது பழச்சாற்றில் போட்ட டின்னையே தேர்ந்தெடுங்கள், பீச்சின் மணம் அதில்தான் தெரியும். நிறுத்திய சாற்றில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச்சைக் கட்டியில்லாமல் கரைத்து, பழத்தோடு சேர்த்து, சாறு பளபளவென்று கெட்டியாகும்வரை ஒரு பாத்திரத்தில், ஓவனில் அல்லாமல் மேலடுப்பில் கொதிக்கவிட்டு, இறக்கியதும் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நம் ஊரில் கார்ன்ஃப்ளவர் என்று வாங்கும் வெள்ளை மாவு அங்கே கார்ன்ஸ்டார்ச் என்றே விற்கப்படும். அது வீட்டில் இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி மைதாவும் அந்த வேலையைச் செய்யும். எலுமிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். டின் பழத்துக்கு இல்லாத புளிப்பை அதுதான் தருகிறது, அது இல்லாத காப்ளர் வெறும் தித்திப்பாக நாக்கில் தங்கிவிடும்.

மாவுக்கு ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒன்றே முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, நான்கைந்து ஏலக்காயின் பொடி இவற்றை உலர்வாகக் கலந்து, ஒன்றரைக் கப் பாலும் இன்னும் மூன்று மேசைக்கரண்டிப் பாலும் ஊற்றி, தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் கவலை வேண்டாம். அடித்து அடித்துக் கலக்கினால் மாவு ரப்பர் மாதிரி இழுபடும். அங்கே வெண்ணெய் 113 கிராம் கட்டிகளாக வரும். அதில் ஒரு முழுக் கட்டியை மைக்ரோவேவில் உருக்கித் தட்டில் ஊற்றுங்கள், அதன்மேல் மாவை ஊற்றுங்கள், மாவின்மேல் சூடான பழத்தைக் கரண்டியால் பரவலாக வையுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது, எந்த நிலையிலும் கிளறவும் கூடாது. வேகும்போது பழம் கீழே இறங்க, மாவு அதைச் சுற்றிக்கொண்டு மேலே எழும்பி, ஓரங்களில் வெண்ணெயில் பொரிந்தது போல மொறுமொறுப்பாகும். கிளறிவிட்டால் இந்த எழுச்சி நடக்காமல், பழம் போட்ட கேக் மாதிரி ஒரே களியாகிவிடும். கண்ணாடித் தட்டில் செய்வதானால், வெண்ணெயை அடுப்புக்குள்ளேயே தட்டில் உருக்கிவிட்டு அந்தக் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த மாவை ஊற்றும் முறையைத் தவிருங்கள். திடீர் வெப்ப மாற்றத்தில் கண்ணாடி வெடிக்கக்கூடும். வெளியே எடுத்த சூடான கண்ணாடித் தட்டை ஈரமான மேடைமேல் வைப்பதும் அதே அளவு ஆபத்து.

நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நிமிடம் ஆகும். மேலே சிவந்துவிட்டதே என்று அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ஓரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் சாறு கொப்பளிக்க வேண்டும், மாவுப் பகுதியில் குத்திய பல்குச்சி ஒட்டாமல் வர வேண்டும். அதற்குள் மேல்பகுதி கருக ஆரம்பித்தால், அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிட்டு வேகவிடலாம். சாறு பொங்கி அடுப்பின் அடியில் சொட்டினால் சர்க்கரை கருகிப் புகையும், புகையுணர்வி அலறும். அடியில் தகடு வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எடுத்த பிறகு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். ஆறும்போதுதான் சாறு கெட்டிப்பட்டுப் பழத்தோடு ஒட்டும்; உடனே வெட்டினால் தண்ணீராக ஓடும்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் கேக் மாவுப் பெட்டியில் செய்யும் வழி ஒன்று உண்டு: டின் பழத்தைச் சாற்றோடு தட்டில் கொட்டி, மஞ்சள் கேக் மாவை உலர்வாகவே மேலே தூவி, மெல்லியதாக நறுக்கிய வெண்ணெயை இடைவெளி இல்லாமல் பரப்பி, அதே சூட்டில் முக்கால் மணி நேரம் வேகவிடுவது. முட்டைகூட வேண்டாம். அங்கே பலரும் இதைச் செய்கிறார்கள், மகிழ்ச்சியாகச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அதன் தித்திப்பு ஒத்துவருவதில்லை, மாவு ஆங்காங்கே வறண்டும் போகிறது. பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்து மாவைக் கரைப்பதே மேல் என்பது என் எண்ணம். பழைய செய்முறைகளில் 517 கிராம் பெட்டி என்று இருக்கும். பின்னாளில் பெட்டிகள் 432 கிராமுக்குச் சுருங்கிவிட்டன. ஆகையால் பழத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் 3,500 அடிக்கு மேல் வசிப்பவர்களுக்கென்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு அச்சிட்டிருந்தால், பெட்டியில் சொன்னபடி கேக் செய்யும் நாளில் அதையே பின்பற்றுங்கள். 5,280 அடியில் இருக்கும் உங்களுக்காக அச்சிட்டதுதான் அது.

குறுக்குவழிப் பொருள்களை வாங்கும்போது லேபிளைப் படிக்கும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் சுருட்டி விற்கும் பை மேலோடுகள் சிலவற்றில் லார்டு, அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ந்திருக்கும். மேலே தூவும் மார்ஷ்மெல்லோவில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் இருக்கும். சைவம் உண்பவர்களுக்கும் இஸ்லாமிய நண்பர்களுக்கும் இது முக்கியம். நான் மேலே எழுதிய முறையில் முட்டையும் இல்லை, இவை எதுவும் இல்லை. டின் வீங்கியிருந்தாலோ, மூடி வெளிப்பக்கம் புடைத்திருந்தாலோ, திறக்காமலே எறிந்துவிடுங்கள். சிப்ஸ் பொட்டலம் மலையில் உப்புவது இயல்பு, ஆனால் டின் உப்புவதை உயரத்தின்மேல் பழி போட்டுச் சாப்பிடக் கூடாது.

இங்கே கோத்தகிரியிலும் இந்த வாரம் இதைச் செய்து பார்த்தேன். பிளம்ஸ் இன்னும் காயாகத்தான் இருக்கிறது, சிம்ஸ் பூங்காப் பழக் கண்காட்சியும் மே மாதத்தில்தான். ஆகவே இங்கும் டின் அன்னாசிதான் கைகொடுத்தது. அளவுகள் அதேதான், ஏனென்றால் மலையும் கிட்டத்தட்ட அதே உயரம். பர்லியாறு பக்கத்து ஜாதிக்காயைத் துளி துருவிப் போட்டேன். அம்மாவுக்கு அந்த மணம் பிடித்திருந்தது, சர்க்கரை மட்டும் இன்னும் குறையலாம் என்றார். அண்ணி ஒரு புதிய யோசனை சொன்னார்: ஊட்டி வர்க்கியைக் கையால் நொறுக்கி, உருக்கிய வெண்ணெயில் புரட்டி மேலே தூவினால் என்ன என்று. முதலிலேயே தூவினால் சாற்றில் ஊறி நமத்துவிடும் என்பதால், கடைசிப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது தூவினோம். அடுக்கடுக்கான அந்த மொறுமொறுப்பு அபாரமாகச் சேர்ந்தது. உங்கள் பெட்டியில் நொறுங்கிப் போன வர்க்கி இருந்தால் அதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப் பண்டம் அது என்று விருந்தில் நீங்கள் பெருமையோடு சொல்லவும் ஒரு வாய்ப்பாகும்.

விருந்துக்குக் கொண்டுபோகும்போது, தட்டைத் தாளால் மூடி, துண்டில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். ஒரு சிறு அட்டையில் கோதுமை, பால், வெண்ணெய் இருக்கின்றன, முட்டையும் கொட்டைகளும் சேர்க்கவில்லை என்று எழுதித் தட்டின் முன்னே வையுங்கள். வர்க்கி சேர்த்தால் அதன் பொட்டலத்தில் உள்ளதையும் அதிலேயே குறியுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் கை வைப்பார்கள். யாராவது வெண்ணிலா ஐஸ்கிரீம் கொண்டுவர முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், வெதுவெதுப்பான காப்ளருக்கு அதுதான் துணை. நம் வீடுகளைப் போல, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று அங்கே யாரையும் வற்புறுத்த வேண்டாம், அவரவரே எடுத்துக்கொள்வார்கள். செய்முறை கேட்டு யாராவது வந்தால் அதுவே பாராட்டு. கேசரி செய்து எடுத்துப் போகலாமா என்றும் தயங்கியிருந்தீர்கள். அடுத்த விருந்துக்குத் தயங்காமல் எடுத்துப் போங்கள், நெய் மணத்துக்கு அங்கும் ஆள் உண்டு.

ஆகஸ்ட் மாதம் கொலராடோவின் மேற்குப் பகுதியில் உள்ள பாலிசேட் ஊர்ப் பீச், டென்வர்ச் சந்தைகளுக்கு வரும். அப்போது டின்னை விட்டுவிட்டு அந்தப் பழத்தில் செய்யுங்கள். ஒன்றரைக் கிலோ பழத்தைக் கொட்டை நீக்கி நறுக்கி, கால் கப் சர்க்கரையில் அரை மணி நேரம் புரட்டி வைத்தால் வேண்டிய சாறு தானே இறங்கும். மற்றவை எல்லாம் மேலே சொன்னபடிதான். மீந்ததை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், மைக்ரோவேவில் வைக்காமல் அடுப்பிலேயே 350 டிகிரி பாரன்ஹீட்டில் கால் மணி நேரம் சூடாக்கினால் மேல்பகுதி மறுபடியும் மொறுமொறுப்பாகும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து அக்கா