பனியில் பொறுக்கிய காலித் தோட்டாக்கள்: வாசகர் கேள்விகள்

மைனஸ் 25-இல் சுட்ட உறைகள் குளிரில் நொறுங்கிப் போகுமா? (மானிட்டோபா)

போகாது. மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவதற்காக நாம் பொறுக்கும் இந்த உறைகள் பித்தளை: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். குளிரில் முறிவதெல்லாம் எஃகின் குணம், பித்தளைக்கு அது கிடையாது.

பனிக்குள் போனவற்றை எப்படி எடுப்பது? ஈரத்தைச் சமையலறை ஓவனில் போக்கலாமா? (ஆல்பெர்ட்டா)

சூடாக விழும் உறை பனியை உருக்கிக்கொண்டு இறங்கிவிடும். சுடும் முன்பே தார்ப்பாய் விரியுங்கள். ஓவன் கூடவே கூடாது. பிரைமர், அதாவது உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, எரிந்து விடும் கரியில் ஈயம் இருக்கிறது. ரொட்டி வேகும் இடத்தில் அதை வைப்பீர்களா? முதலில், சுடாத தோட்டா எதுவும் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, துண்டில் பரப்பி இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பனி உருகியபின் கிடைத்தவை கறுத்துவிட்டன. அமோனியா கலந்த பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினேன். சரிதானே? (மினசோட்டா)

தவறு. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். வெளியே எடுத்தால் உறைகளில் விரிசல். குதிரை மூத்திரத்து அமோனியாவும், சூடாக்காமல் இழுத்து உருக்கொடுக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். நூறு வருஷம் தாண்டியும் அதே அமோனியாவை நாமே காசு கொடுத்து வாங்கித் தேய்க்கிறோம்! தொடக்க விரிசல் கண்ணுக்குத் தெரியாது; துப்பாக்கியில், உங்கள் முகத்துக்குப் பக்கத்தில்தான் தெரியவரும். பாலிஷ் போட்டவற்றை ஒதுக்கிவிடுங்கள். இனி வெந்நீர், பாத்திர சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், பத்து நிமிஷம், நன்றாக அலசல். அவ்வளவு போதும். கறுப்பு நிறம் கெடுதல் இல்லை. பச்சை பூத்துக் குழி விழுந்தவை பழைய இரும்புக் கடைக்கு.

.303 ரைஃபிள் தோட்டா உறையில் அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம். பரவாயில்லையா?

தூக்கிப் போடுங்கள். அங்கே சுவர் மெலிந்துவிட்டது. அடுத்த முறை சுடும்போது உறையின் அடிப்பகுதி தனியே பிய்ந்துவிடும். .303 சுடும் லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை தாராளமானது, அதில் உறை நீள்வது வழக்கம். சந்தேகமானால் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கி உள்சுவரில் இழுத்துப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். சுட்டு விரிந்த உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது (சைஸ் செய்வது) கழுத்தை மட்டும் அழுத்தினால் உறை கூடுதல் நாள் வரும்.

மறுபடி நிரப்பும்போது எவ்வளவு வெடிமருந்து போடலாம்?

எந்தத் தோட்டா, என்ன மருந்து, எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் சொல்ல மாட்டேன். வெடிமருந்து நிறுவனத்தின் கையேட்டைப் பாருங்கள்.

.22 ரிம்ஃபயர் உறை ஒரு வாளி நிறைய இருக்கிறது. மறுபடி நிரப்பலாமா?

அதில் பிரைமர் கலவை விளிம்புக்குள்ளேயே இருப்பதால் மறுபடி நிரப்ப முடியாது. எடைக்குப் போடுங்கள்.