வழக்குத்தொடுநர் வேறு, முறைப்பாட்டாளர் வேறு

வணக்கம் ஐயா. தம்பி தாக்கப்பட்ட வழக்கின் கடதாசியில் ‘வழக்குத்தொடுநர்’ என்ற இடத்தில் பொலிஸ் பொறுப்பதிகாரி குறிக்கப்பட்டிருப்பதால், தம்பியின் முறைப்பாடு கைவிடப்பட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படியில்லை. முறைப்பாடு செய்தவர் முறைப்பாட்டாளர். குற்ற வழக்கை அரசின் சார்பில் நடத்துபவரே வழக்குத்தொடுநர் என்பதால், இலங்கையில் கல்முனை போன்ற இடங்களிலுள்ள நீதவான் நீதிமன்றங்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் பொலிஸாரே நிற்பார்கள், உங்கள் தம்பி சாட்சியாக அழைக்கப்படுவார். வழக்கு மேல் நீதிமன்றத்துக்குச் சென்றால், குற்றப்பத்திரிகை அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் பெயரில் தாக்கலாகி, அவர் சார்பில் அரச சட்டவாதி தோன்றுவார். அவருக்கு நீங்கள் கட்டணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் கேள்வியில் எழுதிய ‘வழக்காளி’ (தனக்காக வழக்குப் போடுபவர்) என்ற சொல் காணி, கடன் போன்ற குடியியல் வழக்குகளுக்கே உரியது.