ஸ்பானிய கிதார்: கேட்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் சில பதில்கள்

சார், ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’ என்ற கிதார் இசை கேட்டேன். இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கிறது. நிஜமாகவே ஒருவர்தானா?

ஒருவரேதான். ஃபிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) இயற்றியது. கட்டைவிரல் கீழ் ஸ்தாயியில் நடைபோடும். மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் அதே வரிசையில் ஒரே தந்தியை மாறி மாறி மீட்டும். கிதாரில் ஸ்வரம் பிறந்த கணமே தேய ஆரம்பித்துவிடும், வயலின் போல வில்லால் நீட்ட முடியாது. தேய்வதற்குள் அடுத்த மீட்டு விழுவதால் நமக்கு அறுபடாத ஒரு குரல் கேட்கிறது. இதற்கு ட்ரெமோலோ என்று பெயர்.

அடுத்த முறை மேல் குரலை விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள். மைனரில் தொடங்கும் பாட்டு பின்னால் மேஜருக்குத் திரும்பும். நம் பாஷையில் சொன்னால், ஆதார ஸட்ஜம் நகராமல் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகும். அந்த இடத்தில் பாட்டின் முகமே மாறிவிடும். நல்ல வாசிப்பா என்பதை நான் அங்கேதான் பார்ப்பேன். விரல் வேகம் எனக்கு அப்புறம்தான்.

கையால் செய்த கிதாருக்கு ஏன் அவ்வளவு விலை? ஈட்டி மரம் போட்டதாலா?

மரமும் ஒரு காரணம். ஆனால் கிதாரின் குரலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மேற்பலகை, அதாவது தந்திகளுக்கு அடியில் இருக்கும் முன்பலகை. இன்றைய கிளாசிக்கல் கிதாருக்கு உருவம் கொடுத்தவர் ஸ்பெயினின் அல்மேரியாக்காரரான கிதார் கைவினைஞர் அந்தோனியோ தே டோரஸ் (1817–1892). மேற்பலகை ஒலியின் இடம் என்பதைக் காட்ட, 1862-ல் ஒரு கிதாருக்கு முதுகையும் பக்கங்களையும் அட்டையிலேயே செய்தார்! மேற்பலகை மட்டும் நல்ல மரம். அந்த வாத்தியம் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மேற்பலகையின் கனம் பொதுவாக இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். அதன் உட்புறத்தில் விசிறி விரித்தது போல மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டுவார்கள். டோரஸ் பெரும்பாலும் ஏழு வைத்தார். விசிறி அமைப்பு அவருக்கு முன்பும் உண்டு, அதை நிலைபெறச் செய்தவர் அவர். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல விறைப்பாக இருக்காது. கைவினைஞர் பலகையை விரலால் தட்டி, வளைத்துப் பார்த்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இழைத்துக்கொண்டே போவார். தொழிற்சாலையில் எல்லாப் பலகைக்கும் ஒரே அளவு. நீங்கள் காசு கொடுப்பது அந்த நிதானத்துக்கு.

ஈட்டியைப் பற்றி: பழைய கைவினைஞர்கள் பிரேசில் ரோஸ்வுட்டைப் பெரிதும் மதித்தார்கள். 1992 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை. இன்று உலகெங்கும் நல்ல கிதார்களின் முதுகில் இருப்பது பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டியேதான்.

கடையில் ‘சாலிட் டாப்’, அதாவது மேற்பலகை ஒட்டுப்பலகை இல்லாத முழு மரம் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகைகள் விளிம்பில் வெட்டிய பக்கத்திலும் அப்படியே இறங்கினால் முழுப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். விளிம்பைப் பட்டை போட்டு மூடியிருந்தால், கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்ப்ரூஸா, சீடரா?

இரண்டும் மேற்பலகைக்கான மரங்கள். சீடர் முதல் நாளிலேயே இதமாகப் பேசும். கிதார் கைவினைஞர் மூன்றாம் ஹொசே ராமிரெஸ் 1960-களில் அதைப் பரப்பினார். ஸ்ப்ரூஸின் குரல் வாசிக்க வாசிக்கத் திறக்கும். எனக்கு ஸ்ப்ரூஸ்.

அண்ணா, எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன கேட்டால் காது பழகும்?

ஒரே ஸ்வரம் நிறம் மாறுவதைக் கேட்கப் பழகுங்கள். முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் ‘ஈ’ ஸ்வரம், இரண்டாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை), மூன்றாவதில் ஒன்பதிலும், நான்காவதில் பதினாலிலும் கிடைக்கும். சுருதி ஒன்றுதான், ஆனால் தடித்த தந்திக்குப் போகப் போகக் குரல் இருண்டு கனக்கும். வலது கை பிரிட்ஜை (மேற்பலகையில் தந்திகளைக் கட்டும் மரக்கட்டை) நெருங்கினால் கூர்மை, ஒலித்துளைக்கு மேல் வந்தால் குழைவு. கிதார் கலைஞர் ஜூலியன் ப்ரீம் வாசித்த, ஸ்பானிய இசையமைப்பாளர் ஆல்பெனிஸின் பதிவுகளில் இதை நன்றாகக் கேட்கலாம். ஆல்பெனிஸ் எழுதியது பியானோவுக்கு, கிதாருக்கு மாற்றியவர்கள் பிற்பாடு வந்தவர்கள். ஆனாலும் அவருடைய ‘அஸ்தூரியாஸ்’ கிதாருக்கே பிறந்தது போல ஒலிக்கும்.

பிறகு ஸ்பானிய இசையமைப்பாளர் ரோட்ரிகோவின் ‘அரான்ஹுவெஸ்’ கான்செர்ட்டோ (1939), அதாவது கிதாரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. ரோட்ரிகோ மூன்று வயதிலேயே பார்வையிழந்தவர், கிதார் வாசிக்காதவர். இரண்டாம் பகுதியில் கிதார் மெதுவாகக் கோர்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மட்டும் மீட்டிக்கொண்டிருக்க, இங்கிலிஷ் ஹார்ன் என்ற ஊதுவாத்தியம் மெட்டை எடுக்கும். கிதார் அதையே கமகம் சேர்த்தது போல வளைத்துப் பதில் சொல்லும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். அத்தனை பெரிய ஆர்கெஸ்ட்ராவும் ஒரு சின்ன வாத்தியத்துக்காக அடங்கி வாசிப்பது புரியும்.

இதில் ஸ்டீல் கம்பி போட்டால் சத்தம் கூடுமா?

தயவுசெய்து போடாதீர்கள். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுக்கும், ஸ்டீல் அதைவிட வெகு அதிகம். பிரிட்ஜ் பெயர்ந்து வரும், மேற்பலகை வயிறு தள்ளிவிடும். இரண்டாம் உலகப்போர் வரை குடல் நரம்பும் பட்டுமே தந்தி. அப்போது வந்த தட்டுப்பாட்டில்தான் நைலான் நுழைந்தது. சத்தம் போதவில்லை என்றால் முதலில் தந்தியை மாற்றுங்கள். பழைய நைலான் மந்தமாகத்தான் ஒலிக்கும்.