ஆடிப்பட்டமும் பாமாயிலும்

அண்ணே வணக்கம். பாமாயில் இறக்குமதியால நம்ம பக்கத்து கடலை விவசாயி நொடிச்சுப் போறான்னு எழுதியிருந்தீங்க. ரேஷன்ல 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் கிடைக்கிறது ஏழைக்கு நல்லதுதானே? கட்டுப்படியாகலைன்னா வேற பயிருக்கு மாற வேண்டியதுதானே?
– ஒரு வாசகர், திருமங்கலம்

தம்பிக்கு,

ரேஷன் பாமாயில நான் குறை சொல்லவே இல்ல. எங்க அம்மா அதுலதான் பணியாரம் சுடுறாங்க, செக்கு எண்ணெய் வாங்குற விலையிலயா இருக்கு? என் ஆத்தாமை எல்லாம் வரிய ஏத்தி இறக்குற நேரத்து மேலதான்.

2024 செப்டம்பர்ல கச்சா பாமாயிலுக்கு இறக்குமதி வரிய எல்லாம் சேத்து 5.5 சதவீதத்துல இருந்து 27.5க்கு ஏத்துனாங்க. சரி, இனிமே கடலைக்கு விலை நிக்கும்னு உசிலம்பட்டி பக்கம் எங்க மாமா கூட ஒரு ஏக்கர் உழுது போட்டு, கடன் சொல்லி விதைக்கடலையும் வாங்கி வச்சுட்டாரு, மழை விழுந்தா ஊண வேண்டியதுதான் பாக்கி, அந்த வைகாசியில 2025 மே 30ந்தேதி வரிய 16.5க்கு இறக்கிட்டாங்க. பாமாயில் விலை இறங்குனா மத்த எண்ணெய் விலையையும் சேத்து கீழ இழுக்கும். ஐப்பசியில மூடைய கொண்டு போனா கமிஷன் கடைக்காரர் ஒரு கை அள்ளி, நாலு கடலைய உடைச்சு, பருப்பைப் பாத்துட்டு "மார்க்கெட் டல்லா இருக்குண்ணே"ன்னாரு. மாமா ஒண்ணும் சொல்லாம கீழ சிந்துன கடலைய குனிஞ்சு பொறுக்கி மூடைக்குள்ள போட்டாரு.

வேற பயிர்ங்கிறியே, கெணறு இல்லாத மானாவாரிக் காட்டுல என்ன போடுறது? துவரை போடலாம்தான், அதுக்கும் 2021 மே மாசமே இறக்குமதிக் கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க, மொசாம்பிக்ல இருந்தும் மியான்மர்ல இருந்தும் வந்து இறங்குது.

இன்னொண்ணு, வெளிநாட்டு எண்ணெய் எப்பவும் சல்லிசா கிடைக்கும்னு நம்பிறாத. 2022 ஏப்ரல் கடைசியில இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியவே நிப்பாட்டுச்சு, மூணு வாரம்தான், அதுக்கே இங்க என்ன பாடு பட்டோம். அன்னைக்கு கைகுடுக்க இங்க கடலை போடுறவன் இருக்கணும்ல?

இறக்குமதியே கூடாதுன்னு நான் சொல்லல. சித்திரையில, உழவுக்கு முன்னாடி வரி இதுதான்னு சொல்லிட்டு, அறுப்பு முடியிற வரைக்கும் அதைத் தொடாம இருக்கட்டும், அதுக்கப்புறமும் தன் கணக்கு தப்பி நட்டப்பட்டா அது விவசாயி பாடு. மாமா அந்த ஒரு ஏக்கர்ல இனி கடலை இல்லைன்னுட்டாரு, ஆட்டுக்குத் தீவனச் சோளம் விதைக்கப் போறாராம்.